நெவாடா மலைக்கும் பள்ளத்துக்கும் சமவுயரக்கோடு: மலை கறுத்துப்போச்சு, தரை வெறும் தாளாக் கிடக்கு, என்ன செய்யலாம்?

உப்புவெளிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்லைன்ல ஒரு வேலை எடுத்திருக்கன், அமெரிக்காவில நெவாடா மாநிலத்தின்ர கிழக்குப் பக்கம் வீலர் பீக் எண்டு ஒரு மலை, 3,982 மீட்டர் உயரம், அந்த மலையையும் மேற்கால கிடக்கிற ஸ்பிரிங் வேலி, கிழக்கால கிடக்கிற ஸ்னேக் வேலி ரெண்டையும் ஒரே ஏ1 தாளில 1:50,000 அளவில இடவிளக்கப்படமா வரைஞ்சு குடுக்கோணும். மலை ஏறப் போற ஆக்களுக்காம், கேட்டவர் ஜெர்மனிக்காரர், அதால எல்லாம் மீட்டர்ல. க்யூஜிஐஎஸ் எண்ட படம் வரையிற மென்பொருளில 10 மீட்டருக்கு ஒரு புள்ளியா இருக்கிற உயரத் தரவை இறக்கி, சமவுயரக்கோட்டுக்கு (ஒரே உயரமான இடங்களைச் சேக்கிற கோடு) நம்மட நில அளவைத் திணைக்கள சீட்டு மாதிரி 20 மீட்டர் இடைவெளி குடுத்துப் பாத்தன், மலைப்பக்கம் கோடு கோடா நெருங்கி வந்துட்டுது, பள்ளத்தாக்கில ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில ஒண்டுமே இல்ல, வெள்ளைத் தாள். சரி எண்டு 5 மீட்டர் போட்டா மலை முழுக்க ஒரே மண்ணிற அப்பல், தரையில என்னெண்டா கோடு நடுங்கி நடுங்கி வருது. எங்கட ஊர் படம் இப்பிடிப் படுத்தினதே இல்ல. ஆராவது இப்பிடியான நிலத்துக்கு வேலை செஞ்சிருக்கிறீங்களா?

பழைய தியோடலைட்:
தம்பி, மெசினைக் குறை சொல்லாம முதல்ல ஒரு கணக்குப் போடுங்க. 30 பாகை சரிவில 20 மீட்டர் ஏற கிடையா 35 மீட்டர் போகோணும், 1:50,000 தாளில அது 0.7 மில்லிமீட்டர். கண்ணுக்கு நெருக்கம் தான், ஆனா வாசிக்கலாம். அதே சரிவில 5 மீட்டர் போட்டா 0.17 மில்லிமீட்டர், கோட்டின்ர தடிப்பே அவ்வளவு வரும், பிறகு அப்பாம என்ன செய்யும்? இப்ப பள்ளத்தாக்கின்ர அடித்தரையப் பாருங்க, அது 1,000 மீட்டருக்கு 2 மீட்டர் சரியுது எண்டு வைச்சா 20 மீட்டர் இறங்க 10 கிலோமீட்டர் வேணும், தாளில 20 சென்ரிமீட்டர். அதாவது ஒரு அடிக்கோல் நீளத்துக்குள்ள ரெண்டு கோட்டுக்கு மேல வராது. ஒரே தாளில ஒரே இடைவெளியால ரெண்டையும் பிடிக்கேலாது, அது உங்கட பிழையில்ல, நிலம் அப்பிடி.

நாங்கள் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வயலுக்கும் வாய்க்காலுக்கும் லெவல் எடுக்கேக்க அடிக்கணக்கில தான் கோடு போடுவம், ஏனெண்டா தண்ணி அடிக்கணக்கில தான் யோசிக்கும். அந்தப் படத்தில மலை கிடையாது, அதால பிரச்சினையும் கிடையாது. உங்களுக்கு ரெண்டும் ஒரே தாளில வந்து மாட்டியிருக்கு.

புவியியல் டீச்சர்:
ஐயா சொன்னதோட கொஞ்சம் நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுறன், ஏனெண்டா நிலம் விளங்காம கோடு போடேலாது. அந்தப் பிரதேசத்துக்கு பேசின் அண்ட் ரேஞ்ச் எண்டு பேர். புவியோடு கிழக்கு மேற்கா இழுபட்டு மெலிஞ்சு உடைஞ்சதில ஒரு துண்டு மேல எழும்பி, பக்கத்துத் துண்டு கீழ இறங்கி, அப்பிடியே மாறி மாறி வடக்கு தெற்கா நீண்ட மலைத்தொடரும் நீண்ட பள்ளமும். கிளாரன்ஸ் டட்டன் எண்ட புவியியலாளர் 19ம் நூற்றாண்டில இந்த மலைத்தொடர் படத்தைப் பாத்துட்டு கம்பளிப்பூச்சிப் படை ஊர்ந்து போற மாதிரி இருக்கு எண்டு எழுதினவர், படத்தைச் சின்னதாக்கிப் பாத்தா உண்மையா அப்பிடித்தான். மலைகள் பிளவால எழும்பின துண்டுகள் எண்டதைத் தெளிவாச் சொன்னது குரோவ் கார்ல் கில்பர்ட், 1870களில வீலர் எண்ட இராணுவ அதிகாரியின்ர அளவைக் குழுவோட போனவர். உங்கட மலையின்ர பேர் அந்த வீலர்ட பேர் தான்.

இன்னொரு விசயம், அங்க மழைத் தண்ணி கடலுக்குப் போறதில்ல. ஜோன் ஃபிறிமொன்ட் 1843, 44ல சுத்தி வந்து தான் இது வெளிவாசல் இல்லாத பெரிய பள்ளம் எண்டு உறுதிப்படுத்தி கிரேட் பேசின் எண்டு பேர் வைச்சது. அதுக்கு முந்தின படங்களில புவனவெந்தூரா எண்டு ஒரு ஆறு மலைநாட்டில இருந்து பசுபிக் வரைக்கும் ஓடுற மாதிரி வரைஞ்சிருந்தவங்கள், ஒருத்தரும் பாக்காத ஆறு. அவரோட போன சார்ல்ஸ் பிறோய்ஸ் வரைஞ்ச படத்தில அந்த ஆறு இல்ல, பாக்காத இடத்தை அவர் வெறுமையாவே விட்டவர். ஏ எல் பிள்ளைகளுக்கு நான் காட்டுற படங்களில எனக்குப் பிடிச்சது அந்த வெறுமை தான்.

கிண்ணியாக் கடல்:
டீச்சர் சொன்னத வாசிச்சேன், நல்லா இரிக்கி. ஆனா தம்பிட பிரச்சினைக்கு கடல்படம் வரையிறவங்க எப்பவோ பதில் கண்டிட்டாங்களே. வாப்பாட வள்ளத்தில ஒரு பழைய கடல்படம் கிடக்கு, நம்மட கொட்டியாரக் குடா உள்ளது. கரையோரம் 5, 10, 20, 30 எண்டு ஆழக்கோடு நெருக்கமா வரும், அங்கால மகாவலி வாற வாயில இருந்து அந்தப் பெரிய கடலடிப் பள்ளம் தொடங்கினா 50, 100, 200 எண்டு பாயும். இடைவெளி சமமே இல்ல. ஏன்? கப்பல் தட்டுறது கரையோர மேட்டில தான், அங்க ஒவ்வொரு மீட்டரும் முக்கியம், கீழ 300 மீட்டரோ 400 மீட்டரோ எவனுக்கு என்ன. அதே மாதிரி நீங்களும் தரையில 5 மீட்டர், மலை தொடங்கினதும் 40 மீட்டர் எண்டு போடுங்க. முடிஞ்சுது கதை.

பழைய தியோடலைட்:
தம்பி கிண்ணியா, கடல்படம் வேற, இது வேற. கடலில ஓடுறவன் சரிவை வாசிக்கிறதில்ல, ஆழத்தை வாசிக்கிறான். மலை ஏறுறவன் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில இருக்கிற தூரத்தை வைச்சு எவ்வளவு செங்குத்து எண்டு பாக்கிறவன். நடுவில இடைவெளிய மாத்தினா, மாத்தின இடத்தில இருந்து சரிவு திடீரெண்டு குறைஞ்ச மாதிரிக் கண்ணுக்குத் தெரியும், உண்மையில அங்க தான் கூடுது. இருட்டுற நேரத்தில ஒருத்தன் அதை நம்பி இறங்கினா என்னாகும்? எனக்கு இதில விட்டுக்குடுப்பு இல்ல.

அமெரிக்கன் யூஎஸ்ஜிஎஸ் (அங்கத்தைய புவியியல் அளவை நிறுவனம்) காரங்கள் என்ன செஞ்சவங்கள் எண்டு பாருங்க. அவங்கட 1:24,000 சீட்டுகளில மலைநாட்டுக்கு 40 அடி வழக்கம், மட்டமான இடத்து சீட்டுக்கு 10 அடி, 5 அடி கூட உண்டு. ஒரே சீட்டில ரெண்டும் வந்தா பிரதான இடைவெளிய அப்பிடியே வைச்சுக்கொண்டு, தட்டைப் பகுதியில மட்டும் பாதி உயரத்துக்குப் புள்ளிக்கோடு போடுவாங்கள். புள்ளிக்கோடு எண்டதும் வாசிக்கிறவனுக்கு இது துணைக்கோடு எண்டு தெரிஞ்சிடும், எண்ணிக்கையில சேர்க்க மாட்டான். ஒவ்வொரு அஞ்சாவது கோடும் தடிப்பு, அதில தான் எண் எழுதுறது. செங்குத்துப் பாறையில நடுக்கோடுகளை மெல்ல மெல்ல மறையவிட்டுத் தடிக்கோட்ட மட்டும் கொண்டு போவாங்கள். இதெல்லாம் மனுசன் கையால முடிவெடுத்த விசயம், பட்டன் அமத்தி வாறதில்ல.

உப்புவெளிப் பொடியன்:
ஐயா, இது தான் எனக்கு வேண்டியது. 20 மீட்டரை வைச்சுக்கொண்டு தரையில 5 மீட்டர் துணைக்கோடு எண்டா தாளில 5 சென்ரிமீட்டருக்கு ஒண்டு வரும், அது காணும். ஆனா அந்த 5 மீட்டர் கோடு தானே நடுங்குது? படம் போட்டிருக்கன் பாருங்க, படிக்கட்டு மாதிரி வருது.

ரீனோவில இருந்து:
நானும் திருகோணமலை தான், டைக் வீதியில வளந்தன், இப்ப நெவாடாவில இருக்கிறன், அந்தப் பக்கம் அடிக்கடி கார்ல போவன், அதால கையக் கட்டிக்கொண்டு இருக்கேலாம எழுதுறன். படிக்கட்டுக்குக் காரணம் உங்கட தரவு, தம்பி. அந்த 10 மீட்டர் உயரத் தரவு கன இடத்தில பழைய சீட்டில இருந்த சமவுயரக்கோட்டையே கணினியில ஏத்தி அதில இருந்து செஞ்சது. மட்டமான இடத்தில ரெண்டு பழைய கோட்டுக்கு நடுவில தகவலே இல்ல, மெசின் இட்டு நிரப்பினது, நீங்க அதுக்குள்ள 5 மீட்டர் கேட்டா அது என்னத்தச் சொல்லும். லைடார் (விமானத்தில இருந்து லேசர் அடிச்சு உயரம் அளக்கிறது) எடுத்த பகுதி எண்டா அதைப் பாவியுங்க, அவங்கட வழக்கமான தரத்தில உயரப் பிழை 10 சென்ரிமீட்டர் அளவு தான். லைடார் இல்லாத துண்டுக்கு 5 மீட்டர் போடாம விடுறது நல்லது. எஸ்ஆர்டிஎம் எண்ட ராடார் உயரத் தரவைத் தொடவே வேண்டாம், 2000ம் ஆண்டு எண்டெவர் விண்ணோடம் 11 நாளில எடுத்தது, உலகத்துக்கு ஒரு தரம் உதவின தரவு தான், ஆனா அதின்ர உயரப் பிழை உங்கட 5 மீட்டர் இடைவெளிய விடப் பெருசு.

ஒண்டு சந்தோசப்படலாம், பாலைநிலத்தில மரம் குறைவு. நம்மட பக்கம் ராடார் காட்டின்ர தலையத் தான் அளக்கும், அங்க தரையில நேர போய் விழும். ஆனா வான்படத்தை ரெண்டு ரெண்டாச் சேத்துப் பாத்து உயரம் எடுக்கிற முறைக்கு அங்க வேற சோதனை, காய்ஞ்ச ஏரித்தரை உப்பும் களியுமா ஒரே வெள்ளை, ரெண்டு படத்திலயும் ஒரே புள்ளியக் கண்டுபிடிக்க ஒரு அடையாளமும் இல்ல.

அதோட அந்தப் பச்சை. நீங்க போட்ட படத்தில பள்ளத்துக்கு பச்சை, மேல போகப் போக மஞ்சள், மண்ணிறம் எண்டு அட்லஸ் நிறம் குடுத்திருக்கிறீங்க. தயவுசெய்து மாத்துங்க. பள்ளம் வெளிறின சாம்பல் பத்தை, அதுக்கு நடுவில உப்பு. கொஞ்சம் மேல போனா தான் குட்டைப் பைனும் ஜூனிப்பரும், இன்னும் மேல அஸ்பென், ஸ்புரூஸ். பச்சை நடுவில இருக்கு, கீழ இல்ல. பச்சையப் பாத்துட்டு ஒருத்தன் தண்ணி இருக்கும் எண்டு இறங்குவான்.

புவியியல் டீச்சர்:
அட்லஸ்ல பச்சை எண்டா தாழ்நிலம் எண்டு நாங்களே பிள்ளைகளுக்குப் படிப்பிச்சு அனுப்புறம், ஒரு பிள்ளையும் கேள்வி கேக்கிறதில்ல. இதை வகுப்பில சொல்லப்போறன்.

கம்பஸ் மாணவி:
அண்ணா, உங்கட ஆறுகளைப் பாத்தன், மலையில இருந்து நீலக்கோடு வந்து பாதியில நிண்டுட்டுது, அடுத்த பள்ளத்தாக்கில ஒரு பெரிய மட்டமான நீல ஏரி. அது உண்மையா அங்க இருக்கா? நாங்க ப்ராக்டிகல்ல செய்யிற மாதிரி குழி நிரப்புற கட்டளை குடுத்தீங்களா?

உப்புவெளிப் பொடியன்:
ஓம், குழி நிரப்பி, ஓட்டத் திசை பாத்து, ஆறு எடுக்கிற வழமையான வரிசை தான். ஸ்பிரிங் வேலி முழுக்க ஒரே உயரத்துக்கு வந்துட்டுது.

கம்பஸ் மாணவி:
அந்த கட்டளை வெளிவாசல் உள்ள நிலத்துக்குத் தான். எந்தப் பள்ளத்தைக் கண்டாலும் தரவில இருக்கிற பிழை எண்டு நினைச்சு, தண்ணி விளிம்பால வழியிற வரைக்கும் உயத்திவிடும். மகாவலிக்குச் சரி வரும், அது கொட்டியாரத்தில போய்க் கடலில சேருது. ஸ்பிரிங் வேலி உண்மையான பள்ளம், அதை நிரப்பினா முழுப் பள்ளத்தாக்கையும் நீங்களே தாட்டுப்போட்டீங்க. ஆகக்குறைஞ்ச உயரமுள்ள காய்ஞ்ச ஏரித்தரையில ஒரு கட்டத்தை வெறுமை எண்டு குறிச்சுவிட்டா மெசின் அதைக் கடல் மாதிரி எடுத்து அங்க தண்ணிய முடிக்கும். எங்கட சேர் சொல்லித் தந்தது. ஒவ்வொரு மூடின பள்ளத்துக்கும் ஒவ்வொண்டு வேணும். ஸ்னேக் வேலி வடக்கால கிரேட் சோல்ட் லேக் பாலைநிலப் பக்கம் திறந்து கிடக்கு, அதுக்குத் தாள் விளிம்பு காணும்.

மலையில இருந்து வந்த ஆறு நிண்டது மட்டும் பிழையில்ல எண்டு நினைக்கிறன்.

ரீனோவில இருந்து:
பிழையே இல்ல, தங்கச்சி சொன்னது சரி. ஆறு மலை வாசலால வெளிய வந்ததும் பரல், கல், மணலுக்குள்ள இறங்கிடும். அந்த வாசலுக்கு முன்னால தான் வண்டல் விசிறி, ஆறு கொண்டு வந்த கல்லும் மணலும் விசிறி மாதிரிப் படிஞ்ச சாய்வு. அங்க சமவுயரக்கோடு பள்ளத்தாக்குப் பக்கம் வளைஞ்சு பிதுங்கி வரும், எல்லா வளைவுக்கும் மையம் அந்த மலை வாசல். கோட்டை மட்டும் பாத்தா கிளைமலை மாதிரித் தான் தெரியும், ஆனா மேல் நுனி எப்பவும் ஒரு ஆற்று வாயில முடியும், அதைப் பாத்து அடையாளம் பிடிக்கலாம். பக்கத்துப் பக்கத்து விசிறிகள் சேந்து மலையடி நீளத்துக்கு ஒரே சாய்வா வந்துடும். 100 மீட்டருக்கு 3 மீட்டர் சரிவு எண்டா உங்கட 20 மீட்டர் கோடு தாளில 13 மில்லிமீட்டருக்கு ஒண்டு வரும், அதால விசிறிக்கு 20 மீட்டரே அழகாச் சரிவரும், துணைக்கோடு விசிறி முடிஞ்ச இடத்தில தொடங்கினாக் காணும். நீலத்தை விசிறியின்ர மேல் பாதியில உடைகோடாக்கி அங்கயே விட்டுடுங்க. ஆனா வறண்ட வாய்க்கால் தடங்களை விடாதீங்க, மலையில ஒரு இடிமழை பெஞ்சா அது வழியா சேறும் கல்லும் வரும், கூடாரம் அடிக்கிறவனுக்கு அது தான் முக்கியம். நான் இந்தப் படத்தில ஆகக்கூடின கவனம் குடுக்கிற இடம் எண்டா மலை உச்சியில்ல, இந்த விசிறி தான், ஊர், ரோட்டு, கிணறு எல்லாம் அதின்ர கீழ் விளிம்பைச் சுத்தித் தான் கிடக்கு, பேக்கர் எண்ட சின்ன ஊரும் அப்பிடித்தான், 1,620 மீட்டர் உயரத்தில.

சும்மா வந்தவன்:
ஒண்டு கேக்கிறன் கோவிக்காதேங்கோ, ஃபோன்ல கூகிள் மேப் இருக்கேக்க இவ்வளவு மண்டையப் போட்டு உடைக்கிறது ஏன்?

ரீனோவில இருந்து:
சிக்னல் இல்ல அண்ணை.

கிண்ணியாக் கடல்:
🙂 கடலிலயும் அதே.

புவியியல் டீச்சர்:
5 மீட்டர் கோடு தரையில ஏன் வேணும் எண்டதுக்கு இன்னொரு காரணம் சொல்லட்டா? பனியுகத்தில இந்தப் பள்ளங்கள் ஏரியா இருந்தது. ஸ்னேக் வேலியின்ர வடபக்கம் வரைக்கும் பொனவில் எண்ட மாபெரும் ஏரியின்ர ஒரு கை நீண்டிருந்தது. சுமார் 18,000 வருசத்துக்கு முன்ன அந்த ஏரி வடக்கால ஐடஹோப் பக்கம் ஒரு கணவாயை உடைச்சுப் பாய்ஞ்சு 100 மீட்டருக்கு மேல இறங்கினது. அலை அடிச்ச பழைய கரை இப்பவும் மலைச்சரிவில பெஞ்சு பெஞ்சா நிக்குது. கில்பர்ட் அந்தக் கரைகளை லெவல் பிடிச்சு அளந்து 1890ல பெரிய நூலா எழுதினவர். ஒரே ஏரியின்ர கரை எல்லா இடத்திலயும் ஒரே உயரத்தில தானே இருக்கோணும்? இல்ல, ஏரிக்கு நடுவில இருந்த தீவுகளில கரை உயரமாவும் ஓரத்தில தாழ்வாவும் இருந்தது, வித்தியாசம் பல பத்து மீட்டர். தண்ணிப் பாரத்தில அமுங்கின புவியோடு தண்ணி போனதும் திரும்ப எழும்பியிருக்கு எண்டு அதை வைச்சே சொன்னவர். லெவல் கருவியும் கோலும் தான் கையில. நீங்க தரைய வெள்ளையா விட்டா இந்தக் கரையெல்லாம் போயிடும், வடக்கு ஓரத்தில தாள் எவ்வளவு போகுது எண்டு பாத்து முடிஞ்சா லைடார் தரவில செஞ்ச மலைநிழல் படத்தில தேடுங்க.

பழைய தியோடலைட்:
டீச்சர் சொன்னதுக்கு நான் ஒரு கொசுறு. அந்த நாட்டில 39வது அகலக்கோட்டு ஓரமா கடலுக்குக் கடல் முக்கோண அளவை கொண்டு போனவங்கள், உச்சிக்கு உச்சி சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியால திருப்பி அடிச்சு. கொலராடோவில அன்கொம்பாகரே உச்சிக்கும் யூட்டாவில எலன் மலைக்கும் இடையில ஒரே பார்வை, 183 மைல். 294 கிலோமீட்டர்! காத்து அவ்வளவு காய்ஞ்சது. எங்களுக்கு இங்க கச்சான் காலத்துப் புழுதியில பத்து மைலுக்கு அங்கால இருக்கிற அளவைக் குறியை (ட்ரிக் பொயின்ட்) காணுறதே பெரும்பாடு.

இப்ப டேட்டம், அதாவது இடத்தையும் உயரத்தையும் எந்த அடிப்படையில இருந்து அளக்கிறது எண்டது. தம்பி, நீங்க பழைய சீட்டில இருந்து பேர்களும் ஒற்றையடிப் பாதைகளும் எடுக்கிறீங்க எண்டா கவனம். அந்த சீட்டுகள் கனக்க நாட் 27 எண்ட 1927 டேட்டம், உங்கட தரவு நாட் 83 எண்ட 1983 டேட்டம். அந்த மேற்குப் பக்கத்தில ரெண்டுக்கும் இடம் பல பத்து மீட்டர் தள்ளும், மாத்தாம வைச்சா பாதை போய் பாறையில ஏறும். உயரத்துக்கும் பழைய 1929 மட்டம், புது 1988 மட்டம் எண்டு ரெண்டு இருக்கு, அங்க ஒரு மீட்டர் அளவு வித்தியாசம். 20 மீட்டர் கோட்டுக்கு அது ஒண்டுமில்ல, 5 மீட்டர் கோட்டுக்கு ஒண்டு தான். நம்மட நாட்டிலயும் இதே கூத்து, பழைய கந்தவல ஆள்கூற்றில பீதுருதாலகாலைக்கு 200,000, புது எஸ்எல்டி 99ல 500,000. நல்லவேளை எண் அவ்வளவு வேறயா இருக்கிறதால ஆரும் மாறி எடுத்தா உடன தெரிஞ்சிடும். அமெரிக்கன் சீட்டில அப்பிடித் தெரியாது, சின்ன நகர்வு, அதால தான் ஆபத்து.

சும்மா வந்தவன்:
தண்ணியே இல்லாத தரைக்கு இவ்வளவு பேர் அடிபடுறீங்கள்.

ரீனோவில இருந்து:
தண்ணி கீழ இருக்கு அண்ணை. அந்த ஸ்பிரிங் வேலி நிலத்தடித் தண்ணிய உறிஞ்சி குழாய் வழியா லாஸ் வேகஸுக்குக் கொண்டு போகப்போறம் எண்டு வருசக்கணக்கா வழக்கு நடந்து 2020ல தான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டவங்கள். பண்ணைக்காரர், பழங்குடி ஆக்கள், பக்கத்து மாநிலம் எல்லாரும் எதிர்த்தவங்கள். அந்த வெறுந்தரையில ஊற்று எங்க கசியுது, சதுப்பு எங்க நிக்குது எண்டதெல்லாம் ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் உயரத்தில தான் மாறும். 20 மீட்டர் கோடு மட்டும் போட்ட படத்தைப் பாக்கிறவனுக்கு அங்க ஒண்டுமே இல்ல, எடுத்தா என்ன எண்டு தான் தோணும்.

உப்புவெளிப் பொடியன்:
இண்டைக்கு முழுக்க இருந்து மாத்தினன். பிரதான இடைவெளி 20 மீட்டர், தடிக்கோடு 100க்கு ஒண்டு. சரிவு நூற்றுக்கு ஒண்டுக்குக் குறைஞ்ச இடத்தில மட்டும் 5 மீட்டர் புள்ளிக்கோடு, அதுவும் லைடார் இருக்கிற துண்டில மட்டும், இல்லாத இடத்தில ஒண்டும் போடேல்ல, ஓரக்குறிப்பில அதையும் எழுதியிருக்கன். வெளிவாசல் இல்லாத பள்ளத்துக்கு உள்பக்கம் சின்னப் பல்லு வைச்ச கோடு. காய்ஞ்ச ஏரிக்கு நீலம் இல்ல, மண்ணிறப் புள்ளி, மழைக்குத் தண்ணி நிக்கிற எல்லைக்கு மட்டும் நீல உடைகோடு. நிறம் கீழ வெளிறின சாம்பல், நடுவில பச்சை, மேல வெள்ளைச் சாம்பல். வீலர் பீக்கின்ர வடகிழக்கு முகம் செங்குத்து, அங்க நடுக்கோடு மறையுது. மலைநிழலுக்கு வெளிச்சம் வடமேற்கில இருந்து.

பழைய தியோடலைட்:
சரிவு வைச்சு புள்ளிக்கோட்ட வெட்டினீங்க எண்டா விளிம்பில கோடு துண்டு துண்டாத் தொங்கும். கையால துப்புரவாக்குங்க. ஒரு புள்ளிக்கோடு தொடங்கினா தாள் விளிம்பில, இல்லாட்டி தன்னோட தானே சேந்து முடியோணும், அந்தரத்தில விடக்கூடாது. லைடார் எல்லையில நிக்கிறது மட்டும் பரவாயில்ல, அங்க ஒரு மெல்லிய எல்லைக்கோடு போடுங்க.

கிண்ணியாக் கடல்:
சேர், கடைசியில தரைக்கு ஒரு இடைவெளி, மலைக்கு ஒரு இடைவெளி தானே வந்துது? நான் சொன்னதத் தானே புள்ளி வைச்சு செஞ்சிரிக்கீங்க.

பழைய தியோடலைட்:
புள்ளி வைச்சதில தான் எல்லாம் இருக்கு தம்பி. நீங்க மலையில 40 ஆக்கச் சொன்னீங்க, இங்க மலையில இடைவெளி மாறேல்ல.

கிண்ணியாக் கடல்:
நான் இன்னும் ஒத்துக்கல்ல. கொட்டியாரக் குடாவ உங்கட முறையில ஒருக்கா வரைஞ்சு காட்டுங்க பாப்பம், 20 மீட்டர் சம இடைவெளியில. அந்தப் பள்ளத்தின்ர சுவர் முழுக்க கறுப்பா வரும்.

உப்புவெளிப் பொடியன்:
ஆழத் தரவு ஆராவது தந்தா நான் வரையிறன். இப்ப இந்த ஏ1 தாள திருகோணமலையில எங்க நல்ல நிறத்தில அடிக்கலாம் எண்டு சொல்லுங்க, போன தரம் குடுத்த கடையில மண்ணிறம் எல்லாம் சிவப்பா வந்துட்டுது.

கம்பஸ் மாணவி:
ஏ1 அடிக்கிறதுக்கு முதல் ஒரு ஏ4 துண்டில மலையடிய மட்டும் அடிச்சுப் பாருங்க அண்ணா, ஒரு ஓரத்தில செங்குத்து முகம், மற்ற ஓரத்தில புள்ளிக்கோடு வாற மாதிரி. 0.7 மில்லிமீட்டர் கோடு பிரிஞ்சு தெரியுதோ எண்டு அதிலயே விளங்கிடும்.